பாவுக்கு மட்டும் வெயில் வேணுமா?

வாப்பா, குந்து. பையனுக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டாங்களா? செல்லுதான் கெடுத்துதுன்னு குதிக்கிறியாமே. அந்தச் செல்லு ஐயம்பேட்டை பஸ்ஸுல ஏறி, தானா வந்து அவன் மடியில உக்காந்துதா?

2020 மார்ச் 25லருந்து நாடே அடங்கிக் கிடந்துது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னாங்க. அப்புறம் எவன் பட்டு எடுப்பான்? தறி நின்னுது. நீ திண்ணையில சாஞ்சிக்கினு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பாத்தே. உன் முதுகுக்குப் பின்னால நின்னு அவனும் பாத்தான். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்க, கல்வித் தொலைக்காட்சியில பாடம் ஓடுற நேரத்துல ரிமோட்டு யார் கையில இருந்துதுன்னு நான் சொல்லமாட்டேன். உன் வூட்டுக்காரி கிட்ட எனக்கு மரியாதை இருக்கு.

"சும்மாதானே இருக்கான்"னு பிள்ளையைத் தறியில கோர்வை வாங்க உக்கார வெச்சவங்களும் உண்டு. அது செல்லை விடக் கெடுதி. பத்து வயசுல தறிக்குழி ஓரம் உக்காந்தவன் சொல்றேன், கேட்டுக்க. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் பள்ளிக்கூடம் தொறக்க 2021 நவம்பர் 1 ஆச்சு. பத்தொம்பது மாசம்!

சீனாவுல ஃபெய்செங்னு ஒரு ஊராம். 2020ல பிள்ளைங்களை வூட்ல அடைச்சு வெச்சப்புறம் கண்ணைச் சோதிச்சாங்க. ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல கிட்டப்பார்வை 21.5 சதவீதம், முந்தின அஞ்சு வருசத்துல ஒரு தடவை கூட 5.7ஐத் தாண்டலை. இத்தனைக்கும் ஆன்லைன் பாடம் பெரிய பிள்ளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. அடி வாங்கினது வாண்டுங்க. வெளிச்சத்துல ஓடியாடுற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வர்றது கொறைவுன்னு டாக்டருங்களே சொல்றாங்க.

உனக்கு இது தெரியாததா? பாவுக்குக் கஞ்சி போட்டு, விடியறதுக்குள்ள தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் காட்டுறே. நூலுக்கு வெயில், பெத்த பிள்ளைக்கு டியூப்லைட்டா?

ஊரடங்கு போயி வருசக்கணக்காச்சு, உன் வூட்ல மட்டும் இன்னும் எடுக்கலை. சாயங்காலம் அவனைத் தெருவுக்கு அனுப்பு. முட்டி பேந்தா பேந்துட்டுப் போவுது, மஞ்சள் வெச்சா ஆறிடும். நீயும் கூடப் போய் நாலு பந்து போடு, தொப்பையும் கொஞ்சம் நகரட்டும்.

செல்லை மட்டும் இங்க வெச்சிட்டுப் போ, நான் பத்திரமாப் பாத்துக்கறேன். நேத்து விட்ட சீரியல் பாக்கி இருக்கு. சார்ஜு இருக்குதில்ல?