அதே டிசைன்ல கிடைக்குமா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், செங்கல்பட்டில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அம்மணி ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "சிஸ்டர், அதே டிசைன்ல கிடைக்குமா? இவங்க எண்ணூறு சொல்றாங்க, நீங்க எவ்ளோ?"

படத்தில் இருந்தது அம்மணியின் கேக். அம்மணியின் மேசை. மேசைமேல் விரித்திருந்தது அவர் மாமியாரின் பழைய சுங்குடிப் புடவையில் கிழித்த துணி. மூலையில் போட்டிருந்த பெயரை மட்டும் யாரோ பதவிசாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய அவசரத்தில், தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலைக் கவனிக்கவில்லை. ஓவன் கம்பியில் சுட்ட தழும்போடு அது அப்படியே இருந்தது. அந்த விரலாலேயே அம்மணி பதில் தட்டினார்: "கிடைக்கும். ஆயிரத்து இருநூறு."

"ஐயோ, அப்போ அவங்ககிட்டயே வாங்கிக்கறேன் சிஸ்டர்."

அம்மணியின் வயிற்றெரிச்சல் இக்கட்டுரையாளருக்கு நன்றாகவே தெரியும். இருவரும் ஒரே மூக்குக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான், வீட்டு பேக்கர் தன் கைவேலையைத் திருடரிடமிருந்து காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று வாசகர்களுக்குத் தெளிவாக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதற்கு வருவோம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் போட்டோவைக் காப்பாற்றும். எங்கேயும் போய்ப் பதிவுகூடச் செய்ய வேண்டாம். 2012-இல் திருத்திய பிறகு, எடுத்தவர் ஆயுள் முழுக்கவும் அவர் போய்ச் சேர்ந்தபின் இன்னொரு 60 ஆண்டும் அந்த உரிமை செல்லும். கேக் இருபது நிமிஷத்தில் காலியாகிவிடும். போட்டோவின் உரிமை பேரன் ரிட்டயர் ஆகும்வரை நிற்கும். ஆனால் செய்முறை? எழுதிய நடைக்கு உரிமை உண்டு. இத்தனை கிராம் மைதா, இத்தனை முட்டை என்கிற பட்டியலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. சரி, காப்புரிமை வாங்கலாம் என்றால் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: பல பொருளைக் கலந்ததில் அதனதன் குணம் ஒன்றுசேர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால் அது கண்டுபிடிப்பே அல்ல. அம்மணியின் மாமியார் இதைச் சட்டம் படிக்காமலே சொன்னவர். "மாவையும் சக்கரையையும் கலக்கினா கேக்கு. இதுல நீ என்னத்தம்மா கண்டுபிடிச்ச?"

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் என்ன சாதித்துவிட்டார்கள்? தயிரை வைத்துச் செய்யும் 50 பதார்த்தங்களைப் புத்தகமாகப் போட்ட அமெரிக்கப் பதிப்பகம், இன்னொரு பதிப்பகம் அதைச் சுட்டுவிட்டதென்று வழக்காடியது. வெறும் செய்முறைக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் தடவிச் சாப்பிடும் சீஸ் ஒன்றின் ருசியே எங்களுடையது என்று அதன் கம்பெனி ஐரோப்பிய நீதிமன்றம்வரை ஏறியது. ருசி நாக்குக்கு நாக்கு மாறும், அதைத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்று 2018-இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தயிர் தோற்றது, சீஸ் தோற்றது. செங்கல்பட்டுச் சாக்லேட் டிரஃபிள் எந்த மூலைக்கு?

இதில் இன்னொரு கொடுமை, இந்தத் தொழிலின் பூர்வீகமே சரியில்லை. 1883-இல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றைப் பிஸ்கட் கடை வைத்திருந்த மம்பள்ளி பாபுவிடம் கொடுத்து, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்ன பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கை ஊற்றி பாபு செய்து கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். துரைக்கு அது பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜன் சொன்னாராம். நம் கேக் சரித்திரத்தின் முதல் ஆர்டரே ‘அதே டிசைன்ல கிடைக்குமா’தான். அம்மணிக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்கப் பாத்திரங்கள் சத்தமாகவே கழுவப்பட்டன.

அம்மணியின் பெயர் சொல்லும் கேக் ஒன்று உண்டு: வெண்ணெய் உருண்டை கேக். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் கல்யாண நாள் கொண்டாட வருபவர்களுக்கெல்லாம் மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறைதான் கேக்காக வேண்டும். கடற்கரைக் கோயிலை யாரும் கேட்பதில்லை. ஐந்து ரதத்தை ஒருவர் கேட்டு, விலையைக் கேட்டதும் ஒரு ரதம் போதும் என்றார். உருண்டையை மட்டும் கேட்காத நாளில்லை. "மேடம், உருண்டை உருளக் கூடாது. ஆனா உருள்ற மாதிரியே இருக்கணும்." இதைச் சொல்வது அவர்களுக்கு எளிது. அசல் உருண்டை ஏறக்குறைய 250 டன். ஆறு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம். சரிவில் அது தொட்டுக்கொண்டு நிற்கிற இடம் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும் அளவுக்குக் கொஞ்சம். 1908-இல் ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, இது ஊர்மேல் உருண்டுவிடப் போகிறதென்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாகவும், பாறை அசையவில்லை என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். அம்மணியின் உருண்டைக்கு ஏழு யானை தேவையில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடை போதும்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அம்மணியின் வீட்டுக்காரர் ஓட்ட, முன்சீட்டில் அம்மணி, மடியில் பெட்டி, பெட்டிக்குள் சரிவான பாறை, பாறைமேல் உருண்டை, உருண்டைக்கு நடுவில் அடித்தட்டுவரை இறங்கிய மரக்குச்சி. ஏசி முழு வேகத்தில். மே மாதம், கத்திரி வெயில், வெளியே 40 டிகிரி. வெண்ணெய் 32 டிகிரி தாண்டினாலே மனசை மாற்றிக்கொள்ளும். பல்லவன் புத்திசாலி, கல்லில் செய்தான். அந்தப் பாறை இயற்கையாக நிற்பது, பல்லவன் செய்ததல்ல என்று திருத்துபவர்கள் வண்டியில் அம்மணி பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். பட்டர்கிரீம் உருகுமென்று ஃபாண்டன்டுக்கு மாறினால், கடற்காற்றின் ஈரத்தில் அது வியர்க்கிறது. உருண்டைக்குத் துடைத்துவிட ஆள் வேண்டும். அப்புறம் நிறம். பாறை என்றால் சாம்பல் நிறந்தானே என்று அம்மணி கனாஷில் கரி நிறம் கலந்து, மணல் பூத்த மாதிரி மேலே பிஸ்கட் தூள் தூவி, பாறையின் பின்பக்கத்து வெட்டுவரை செதுக்கிவிடுவார். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம். பேபி பிங்க்ல பண்ணிடுங்க" என்பார். பின்பக்கம் கொஞ்சம் உடைந்தாற்போல இருக்கிறதே, அதை முழு உருண்டையாக்கிவிட முடியுமா என்று இன்னொருவர். 2019 அக்டோபர் 11 அன்று மோடியும் ஷி ஜின்பிங்கும் அதன் முன்னால் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் அல்லவா, அதற்கப்புறம் உருண்டைக்கு முன்னால் இரண்டு சர்க்கரைப் பொம்மைகள் கைகோத்து நிற்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பெண்ணைவிட உயரம் குறைவென்றால், "பொம்மையில சமமா வச்சிடுங்க." 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரையும் வந்து உருண்டை பக்கத்தில் நின்றது. அடித்தட்டு சதுரங்கக் கட்டம். அந்த வாரம் அம்மணி கனவிலும் கறுப்பு வெள்ளை.

இத்தனையும் பட்டு இறக்கி வைத்தால், வந்தவர்கள் முதலில் செய்வது ஒன்றே ஒன்று. கையை நீட்டி, உருண்டையைத் தாங்குகிற மாதிரி நின்று செல்ஃபி. அசல் பாறை முன்னால் காலையில் எடுத்த அதே செல்ஃபி. ஒரு கை தவறிப் பட்டது. பேபி பிங்க் உருண்டை, சரிவில் இறங்கி, மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரு சின்னப் பையனின் சட்டைப்பைக்குள் முடிந்தது. லாலி துரை இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இந்த உருண்டையைத்தான் போன வெள்ளிக்கிழமை யாரோ எண்ணூறுக்கு விற்றார்கள்.

காப்பாற்றும் வழிக்கு வருவதற்குமுன் இதையும் சொல்லிவிட வேண்டும். உருண்டை ஊரில் போய் நகலெடுக்கிறார்களே என்று புலம்பினால் சிரிப்பார்கள். தெருவுக்குத் தெரு உளிச் சத்தம்; பட்டறை வாசல்தோறும் ஒரே பிள்ளையார், ஒரே நந்தி, ஒரே புத்தர். பதிப்புரிமைச் சட்டம் வந்த அதே 1957-இல்தான் அங்கே அரசின் சிற்பப் பயிற்சி நிலையமும் வந்தது. இப்போது கல்லூரி. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவரைச் சமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். அந்தக் கல்வியில் சிற்ப அளவான தாலக் கணக்குப் பிசகாமல் முன்னோர் செய்ததைத் திரும்பச் செய்கிறவன்தான் கெட்டிக்காரன். யாரும் யார்மேலும் வழக்குப் போடுவதில்லை. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும், மறுவருஷம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும், 2023-இல் மணப்பாறை முறுக்குக்கும். எல்லாம் ஊருக்கு. தனியாளுக்கு ஒன்றும் கிடையாது. அம்மணி ‘செங்கல்பட்டு பிளாக் ஃபாரஸ்ட்’ என்று விண்ணப்பிக்கலாமா என்று விசாரித்தார். அது ஜெர்மனியில் இருக்கிற காடாம்.

படத்தைத் திருடுகிறவர்களையாவது திட்டலாம். ரெசிபி கேட்கிறவர்களைத் திட்டவும் முடியாது, சொந்தக்காரர்கள். "கப் அளவுல சொல்லு. எங்ககிட்ட ஓவன் இல்ல, குக்கர்ல வருமா? முட்டை சேர்க்க மாட்டோம். மைதா ஆகாது. சுகர் இருக்கு, அதனால சக்கரையும் வேணாம்." இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஒரு ஸ்பூன் வெனிலா எசன்ஸ். அதற்கு உப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ எழுதி, அளவு முதற்கொண்டு அத்தனையையும் ஊருக்குக் கொடுத்தாரே என்று மாமியார் எடுத்துக்காட்டுவார். கொடுத்தார், புத்தகத்துக்கு விலை வைத்து. அந்தப் பகுதி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் ஒரு காலத்தில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். நேரம் தவறாத வாடிக்கையாளர்கள். நெய் எந்த பிராண்ட் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருக்கெல்லாம் கேக் அனுப்பும் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்ற கேள்விக்கும் பதில் தேடியாக வேண்டும். பிரிட்ஜ் கதவில் ஒரு வாராந்தரப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, கட்டம் போட்டு, மூன்று நிற மையில். திங்கள் கீரை, செவ்வாய் வத்தக்குழம்பு, வெள்ளி சாம்பார் என்று பார்க்கப் பிரமாதம். கேக் ஆர்டர் திங்கள் செவ்வாய் பார்த்து வருவதில்லை. வெள்ளி ராத்திரி முழுக்க ஓடிஜி எரிகிறது, அடுப்படி மேடையில் இடமில்லை, மிக்ஸி கனாஷில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பார் ரசமாகி, ரசம் மோராகி, கடைசியில் வீட்டுக்காரர் தட்டில் கேக்கின் மேல்பகுதியை வெட்டிச் சமன்செய்த ஓரத் துண்டுகள். அவருக்கு இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டார்.

மீன் விஷயம் தனி வழக்கு. ஒரே பிரிட்ஜில் விப்பிங் கிரீமும் வஞ்சிரமும் இருக்க முடியாது. கிரீம் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், ஒரு தடவை பைனாப்பிள் கேக்கில் மீன் வாசனை லேசாகத் தலைகாட்டியதைச் சாப்பிட்டவர் "ஸீ சைடு ஃப்ளேவரா மேடம்?" என்று ரசித்துக் கேட்டார். அதிலிருந்து வாங்கிய மீனை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவது என்று தீர்மானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிறந்தநாளும் கல்யாண நாளும் குவிவதும் அப்போதுதான், வஞ்சிரம் விலை கையைச் சுடுவதும் அப்போதுதான். ஆகவே பட்டியலில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மீன்குழம்பை அடித்துவிட்டு முட்டைக்குழம்பு என்று எழுதியிருந்தது. போன ஞாயிறு மாமியார் பிரிட்ஜைத் திறந்தார். முட்டைத் தட்டு காலி. இரண்டு கிலோ ஸ்பாஞ்சுக்குள் போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு, மூன்று நிறப் பேனாவில் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, முட்டையை மட்டும் அடித்தார்.

"குழம்பு இருக்கு" என்றார்.