அக்கினி பகவான் அனுமதி பெற்று வருவாரா?

மகாகனம் பொருந்திய மருத்துவமனை நிர்வாகத்தாரின் சமூகத்துக்கு, வில்லாபுரம் வாசியும், தங்கள் மூன்றாம் மாடி வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மூதாட்டியின் தம்பியுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு, லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்று விலக்கப்பட்டு, பிரதானப் படிக்கட்டில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்த தருணத்தில், அக்காளுக்கு அவசரமாக எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வழி தேடிய நான், தாழ்வாரத்தின் கோடியில் பச்சை விளக்குக்குள் ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைக் கண்டு, அவர் ஓடும் திசை நல்ல திசையாகத்தான் இருக்கவேண்டும் என்ற விசுவாசத்தோடு அந்தக் கதவை அணுகினேன். கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டுக்கு மேலே தங்கள் அறிவிப்பு: ‘அவசர வழி – அனுமதியின்றி யாரும் நுழையக் கூடாது.’

“என்ன பெருசு, அங்கன என்ன வேலை?” என்றார் காவலாளி. இறங்க வேண்டும் என்றேன். “அது ஃபயருக்கு உள்ள வழிய்யா. ஃபயர் வந்தாத்தான் தொறப்போம்” என்று சொல்லிவிட்டு, வார்டே வேடிக்கை பார்க்க என் மஞ்சள் பையை வாங்கிக் கவிழ்த்தார். இரண்டு இட்லிப் பொட்டலமும் ஒரு பிளாஸ்க்கும் ஸ்கேன் ரசீதுகளும் வெளிப்பட்டதில் அவருக்குச் சிறிது ஏமாற்றந்தான். பின்னர் வந்த மேலாளர், என் பேரன் வயதுப் பிள்ளை, “படிச்சவரு மாதிரி இருக்கீங்க, போர்டைப் படிக்க மாட்டீங்களா?” என்று கேட்டு, ஒரு நோட்டை நீட்டி, பெயர், வந்த நேரம், அவசர வழியை அணுகிய காரணம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தது.

என் மானத்தைப் பற்றி எழுத வரவில்லை. தங்கள் ஏற்பாட்டின் மகத்துவத்தை வியக்கவே எழுதுகிறேன். அக்கினி பகவானும் அந்த நோட்டில் எழுதித்தானே ஆகவேண்டும்? பெயர்: அக்கினி. தொழில்: தகனம். பார்க்க வந்தது: மூன்றாம் மாடி, பதினான்காம் படுக்கை. அவர் வரிசையில் நின்று, பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை என்பதை அறிந்து, மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவார் என்ற தங்கள் நம்பிக்கை நமது மதுரையின் மரபுக்கு இசைந்ததே. இந்நகரை எரிக்க ஏவப்பட்டபோது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று கண்ணகி சொன்னதற்கு அடங்கி நடந்தவரல்லவா அவர்? அது சிலப்பதிகார காலம். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் புகுந்தபோது அவர் அம்மனிடங்கூட அனுமதிச் சீட்டு வாங்கவில்லை என்பதைத் தங்கள் சமூகத்தில் பணிவோடு ஞாபகப்படுத்துகிறேன்.

தங்கள் தீயணைப்பு உருளைகளையும் தரிசித்தேன். செவிலியர் மேஜைக்குப் பக்கத்திலுள்ள ஒன்றில் அழுத்தங்காட்டும் முள் சிவப்பில் சாய்ந்து நித்திரை செய்கிறது. அடுத்து நிரப்ப வேண்டிய தேதிக்கான கட்டம் நிர்மலமாக வெள்ளையாயிருக்கிறது. கைப்பிடியில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருக்கிறார். கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்ததில், அவசரப் படிக்கட்டின் திருப்பத்தில் கால் ஒடிந்த கட்டில்களும் குடிநீர்க் கேன்களும் அட்டைப்பெட்டிகளும் பரிபூரணமாக வாசம் செய்வது தெரிந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில், தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய நான்காம் பகுதி, மருத்துவமனைப் படிக்கட்டு குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்றும், வெளியேறும் கதவு உள்ளே இருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. அதை எழுதியவர்கள் அக்கினி பகவான் முன்கூட்டியே கடிதம் போட்டு வருவார் என்பதை அறியாத பாமரர்கள் போலும்.

ராஜ்கோட்டில் மருத்துவமனைத் தீயில் கொரோனா நோயாளிகள் வெந்து மாண்டதையொட்டி, கொரோனா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தீப்பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டுமென்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தங்களிடமும் அப்படியொருவர் இருக்கிறாராம், சாவி அவரிடந்தான். அவர் இரவு எட்டு மணிக்குத் திருமங்கலம் பஸ் ஏறிவிடுகிறார். ஆகவே பகவான் எட்டு மணிக்குள் வந்துவிடுவது உத்தமம்.

கல்கத்தாவில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் 2011 டிசம்பர் 9 விடியுமுன் தீப்பற்றி, குளிரூட்டும் குழாய்கள் வழியாகப் புகை மாடிகளுக்கு ஏறி ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். புகையைக் கண்டு ஓடிவந்த பக்கத்துக் குடிசைவாசிகளைக் காவலாளிகள் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அந்தக் குடிசைவாசிகளே சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அங்கும் அனுமதி விஷயத்தில் வெகு கண்டிப்பு. அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு ஒன்றரை மணிப் பயணத்தில் இருக்கும் திண்டுக்கல்லில், 2024 டிசம்பர் 12 இரவு, ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பற்றி, லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள். ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் செத்தார்கள். புகையில் லிஃப்ட்டைத் தேடி ஓடுகிறவன் முட்டாளல்லன். அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உங்கள் வார்டில் என் அக்காளால் ஒரு அடி நகர முடியாது. அவள் அருகில் ஒன்பது பேர், எல்லாருக்கும் இடுப்பிலோ தொடையிலோ கட்டு. அவர்களை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவீர்கள்? பதில் சொல்லுங்களய்யா! வாடகைக் கட்டணம், செவிலியர் கட்டணம், கையுறைக் கட்டணம் என்று வரிக்கு வரி வாங்குகிறீர்களே, ஒரு பூட்டைத் திறந்து வைக்க என்ன கட்டணம்?

க்ஷமிக்க வேண்டும். வயோதிகம், ரத்தக்கொதிப்பு. ஏப்ரல் 14 முதல் நடக்கும் தீயணைப்பு வாரத்தில் தாங்கள் ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, தட்டில் மூட்டிய நெருப்பை அணைத்து எடுத்துக்கொண்ட வர்ணப் புகைப்படம் வரவேற்பறையை அலங்கரிக்கிறது. அதற்கருகில் கண்ணாடிச் சட்டமிட்ட தடையின்மைச் சான்றிதழும் இருக்கிறது. அனுமதி பெற்று வந்த நெருப்பு எவ்வளவு சாந்த சொரூபியாகத் தட்டுக்குள் அடங்கியிருந்தது! சான்றிதழ் அதிகாரி பார்க்க வந்த அன்று அந்தச் சங்கிலி எங்கே இருந்தது என்பதை மட்டும் படத்தில் காணவில்லை.

ஆகவே நிர்வாகத்தார் பெரிய மனதுபண்ணி, சங்கிலியை அறுத்து, கட்டில்களையும் கேன்களையும் படிக்கட்டிலிருந்து அகற்றி, உருளைகளை நிரப்பி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவை மூன்று மாடிகளிலும் பொருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் என் கையெழுத்து தங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், பூட்டின் புகைப்படத்தோடும் தங்கள் மருத்துவமனையின் பெயரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறேன். பெயரில்லாத இந்தக் கடிதம் அதுவரைதான்.