கேமரன் மலை அங்கிள்

சிங்கப்பூரிலேயே உயரமான புக்கித் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. டக்ஸ்டனில் இருக்கும் ஐம்பது மாடி வீவக புளோக் 156 மீட்டர். குன்றுக்கும் அடுக்குமாடிக்கும் எட்டு மீட்டர்தான் வித்தியாசம் என்கிற நாட்டில், அதுவும் தட்டையான தெம்பனிஸில் காலம் தள்ளிய ஒருவருக்கு மலையைப் பற்றிக் கருத்து எதுவும் இருக்க நியாயமில்லை. நம் அங்கிளுக்கு நிறைய இருக்கிறது. கேமரன் மலைக்குப் போகும் சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் தெரியும். வழிகாட்டிக்கு மைக் வேண்டும், அங்கிளுக்கு வேண்டாம்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வருவதற்குள், "எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று வரிசை வரிசையாகக் கேட்டுவிடுவார். அவருடையது ஆன்ட்டியின் கைப்பையில் பத்திரமாக இருக்கும். அது அவருக்குத் தெரியாது. ஆன்ட்டிக்கும் சொல்லும் அவசரமில்லை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு. இங்கேதான் வழிகாட்டிக்குச் சோதனை ஆரம்பம். "1885-ல வில்லியம் கேமரன்னு ஒரு சர்வேயர்..." என்று அவர் வாயெடுத்ததும், "தம்பி, அந்த ஆளு மலையைப் பார்த்தாரு, மேப்புல ஒழுங்கா போடல. அதையும் சொல்லு" என்று குரல் வரும். லாத்தா இஸ்கந்தர் அருவியில் இறங்கி ஐந்து நிமிடம் நின்றால், "போன தடவை தண்ணி இதைவிட அதிகம்" என்பார். அருவிக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் இந்த மலையில் உலாவப் போய்த் திரும்பாமலே போனார். உளவாளி, புலி, கடத்தல் என்று இத்தனை வருடமாக ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிவருகிறார்கள். அங்கிளின் தீர்ப்பு ஒரே வரி: "குரூப்பை விட்டுப் பிரிஞ்சா இதான் கதி." மறுநாள் கியா பண்ணைச் சந்தையில் பேருந்து அரைமணி நேரம் ஒருவருக்காகக் காத்திருந்தது. யாருக்காக என்று நான் சொல்லப் போவதில்லை.

அவரை எனக்குப் பிடித்துப்போனது தேயிலைத் தோட்டத்தில்தான். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய ‘போ’ (BOH) தோட்டம் அது. பச்சைச் சரிவைப் பார்த்ததும் அங்கிளுக்குத் தொண்டை கரகரத்தது. "எல்லாம் நம்ம ஆளுங்க வெட்டின மலை" என்றார். உண்மைதான். மலாயாத் தோட்டங்களில் தமிழர் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல; அந்த ஒரு வரிக்கு வழிகாட்டியும் வாயை மூடிக்கொண்டார். அங்கிள் நேராக ஒரு தொழிலாளியிடம் போய், "தம்பி, சொந்த ஊர் எது?" என்று கேட்டார். பையன் விழித்தான். அவன் பங்களாதேஷ். பல வருடமாகவே இந்தத் தோட்டங்களில் வெளிநாட்டு ஊழியர்கள்தாம் அதிகம்.

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்து திரும்பியிருப்பார்கள். அங்கிள் கட்டுமானத் தளத்தில் பங்களாதேஷ் ஊழியர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "கேமோன் ஆச்சோ?" என்று ஆரம்பித்தார். சாப்பாடு, சம்பளம், ஊரில் பிள்ளைகள் என்று உடைந்த வங்காளத்தில் பேச்சு ஓடியது. அந்தப் பையன் மனம்விட்டுச் சிரித்தான். பேருந்தில் வந்த மற்ற எல்லோரும் தேநீரோடு செல்ஃபி எடுத்துத் திரும்பியிருந்தார்கள். அந்த மலையில் வேலை செய்யும் ஒருவரோடு பேசிவிட்டு வந்தவர் இவர் மட்டும்தான்.

பிறகு பழையபடி ஆகிவிட்டார். சந்தையில் முட்டைக்கோஸ், இனிப்புச் சோளம், சர்க்கரைவள்ளி என்று வாங்கி அடுக்கினார். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறதே, விட முடியுமா? கேமரன் காய்கறி லாரி ஏறி நம் ஊர்ச் சந்தைக்கே வருகிறது என்று ஆன்ட்டி நினைவூட்டினார். "அது லாரியில வந்தது. இது நான் கொண்டுவந்தது" என்றார் அங்கிள். இதற்கு எதிர்வாதம் இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரனுக்குப் பதிவு செய்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிருக்கு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், மலைக்கு இல்லாவிட்டாலும் பேருந்து ஏசிக்குத் தேவைப்படும். அசாம்போயும் கோடாலித் தைலமும் வாங்க வேண்டாம். அங்கிளிடம் இருக்கும், கேட்காமலேயே தடவிவிடுவார்.