அரை மணித்தியாலத்தை வட்டிக்கு வாங்கினவை

இஞ்சை வா மோனை, உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரு. கொம்மா சொன்னவள், நீ பயணத்துக்கு ஒரு அலாம் மணிக்கூடு வாங்கப் போறியாம், அதுக்கு அப்புவிட்டை ஒரு சொல்லுக் கேக்கோணுமாம். எனக்கு வந்த மரியாதையைப் பார். காணி விக்கேக்கை கேக்கேல்லை, கொக்காவுக்குக் கலியாணம் பேசேக்கை கேக்கேல்லை, மணிக்கூட்டுக்குக் கேக்கினம்.

கையிலை ஃபோன் கிடக்க ஏனடா மணிக்கூடு எண்டு நான் கேக்க மாட்டன். ஃபோன் நல்ல சாமான்தான். ஆனால் ராவு முழுக்க நீ அதைத் தேய்ச்ச தேய்ப்பிலை விடியப்புறம் அது உன்னைவிட அசந்து கிடக்கும். வெள்ளவத்தை லொட்ஜிலை ஒரு அறைக்கு ஒரு பிளக், அதிலையும் மற்றவன்ரை ஃபோன் தொங்கும். லொட்ஜுப் பெடியன் எழுப்பிவிடுவான் எண்டு நம்பாதை. அவனை எழுப்ப நீ எழும்போணும். எழுப்பிறதைத் தவிர வேறை ஒண்டும் தெரியாத ஒரு சாமான் பக்கத்திலை கிடக்கிறது நல்லம்.

எங்கடை காலத்திலை உதுகள் எங்கை? புகையிலைத் தோட்டக்காரனுக்கு விடிவெள்ளிதான் மணிக்கூடு, பக்கத்து வளவுத் துலாச் சத்தம்தான் அலாம். அவன் இறைக்கத் தொடங்கிட்டான், நாங்கள் இன்னும் படுத்திருக்கிறமே எண்ட எரிச்சலிலை எழும்புவம். பொறாமையைப் போலை ஒரு அலாம் இண்டைக்கும் ஒருத்தனும் செய்யேல்லை. நல்லூரடியிலை இருந்தவைக்கு அதுவும் தேவையில்லை. கந்தன்ரை பூசை நேரம் பிசகாது, காண்டாமணி கேட்டால் மணிக்கூட்டைத் திருத்துறதே தவிர மணியைச் சந்தேகப்படுறேல்லை. பட்டினத்திலை மணிக்கூட்டுக் கோபுரம் ஒண்டும் நிண்டது. வெள்ளைக்கார இளவரசர் ஒருத்தர் 1875இலை இலங்கைக்கு வந்ததை நினைச்சுக் கட்டினது. சண்டைக்குள்ளை அதுவும் அடிபட்டுத்தான் பேந்து திருத்தினவை. கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு பயணம் போகேலாது, அதை விடு.

நீ இப்ப வாங்கப்போறது பற்றறியிலை ஓடுறது. உள்ளுக்கை ஒரு சின்னப் பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 தரம் துடிக்குதாம். உன்ரை நெஞ்சு கூட அந்தப் பெட்டையைக் கண்டாப்போலை அவ்வளவு துடியாது. நல்லது எண்டால் மாசத்துக்குப் பதினைஞ்சு செக்கன் அங்காலை இஞ்சாலை போகும், அவ்வளவுதான். என்ரை பழைய முறுக்கு மணிக்கூடு அப்பிடியில்லை. முதுகிலை ரண்டு முறுக்கி இருக்கும், ஒண்டு ஓட்டத்துக்கு, மற்றது மணிக்கு. ஓட்டத்தை முறுக்கிப்போட்டு மணியை முறுக்க மறந்தால் சரியா நாலு மணிக்கு அது வாயைப் பொத்திக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாளுக்கு ஒண்டு ரண்டு நிமிசம் ஓடியும் போகும், பிந்தியும் நிக்கும்.

ஆனால் அதுதான் எங்களைக் காப்பாத்தினது. தொண்ணூறுகளிலை இஞ்சை வரக்கூடாத சாமான் பட்டியலிலை பற்றறியும் இருந்தது, தெரியுமே? சுவிசிலை இருந்து கொப்பற்றை தமையன் ஒரு வடிவான மணிக்கூடு அனுப்பினவன், மடிச்சுவைக்கிற தோல் உறையோடை. போட பற்றறி இல்லை. கடையிலை ஒளிச்சு வித்த பற்றறியின்ரை விலைக்கு ஒரு சேவல் வாங்கலாம், அதுவும் கூவும். ஓடித் தீர்ந்த பற்றறியை வெயிலிலை காயவைச்சு, கொஞ்சம் உயிர் வந்ததும் றேடியோவுக்குப் போட்டம். அதுவும் செத்த பிறகு சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ராத்திரி ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை கேட்டம். ஒருத்தன் மிதிக்க பத்துப் பேர் கேக்கிறது. மிதிக்கிறவனுக்குச் செய்தி விளங்காது, மூச்சுத்தான் வாங்கும். அந்தச் சுவிஸ் மணிக்கூடு மட்டும் அலுமாரிக்குள்ளை பெட்டியோடை கிடந்தது, மாப்பிளை வராத பொம்பிளை மாதிரி.

ஆகையாலை பற்றறியைப் பாத்து வாங்கு. பென்ரோச் பற்றறி ஒண்டு போடுறது எண்டால் சந்திக் கடையிலையும் எடுக்கலாம், ஒரு வருஷம் அளவிலை ஓடும். பொத்தான் மாதிரிச் சின்னதாப் போடுற சாதி வடிவுதான். ஆனால் அது தீருற அண்டைக்கு நீ நெடுந்தீவிலை நிண்டால் குமுதினிப் படகிலை ஏறி வந்துதான் புதுசு தேடோணும்.

இப்ப கேள், நேரம் எண்ட கதைக்கு வாறன். மணிக்கூடு சரியா ஓடினால் காணும் எண்டு நினைக்கிறாய். எந்த நேரத்துக்குச் சரி எண்டு கேக்க வேண்டிய காலம் ஒண்டு இருந்தது. 1996 மே 25 அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொல்லிச்சுது. மழை இல்லை, நீர்மின்சாரத்துக்குத் தண்ணி இல்லை, கரண்டை மிச்சம் பிடிக்கோணுமாம். எங்களுக்கு 1990இலை இருந்து லக்சபானாக் கரண்டே இல்லை. இல்லாத கரண்டை மிச்சம் பிடிக்க நாங்களும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினம். ஒக்டோபர் 26 அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தவை. மிச்ச அரையை 2006 சித்திரை வருஷத்தோடைதான் தந்தவை. பத்து வருஷத்துக்கு அரை மணித்தியாலம் அவையளிட்டைக் கிடந்தது, வட்டியும் இல்லை.

வன்னியிலை இருந்த புலிகள் இயக்கம் இந்த மாற்றத்தை எடுக்கேல்லை. அங்கை பழைய நேரம், இஞ்சை புது நேரம். கலியாண வீட்டுக்குச் சொல்லப் போனால் முகூர்த்தம் பழைய நேரமோ புது நேரமோ எண்டு கேட்டுத்தான் வெத்திலைத் தட்டைத் தொடுவினம். ஒன்பதேகால் தமிழோசை எங்களுக்கு ஒன்பதேமுக்காலாப் போச்சுது. இலண்டன்காரன் நேரத்துக்குத்தான் வாசிச்சவன், முந்தினது எங்கடை மணிக்கூடு.

2002இலை ஏ9 றோட்டுத் திறந்ததும் எல்லாரும் வெளிக்கிட்டினம். யாழ்ப்பாணத்திலை இருந்து போனால் இயக்கத்தின்ரை பக்கம் தொடங்குற முகமாலை தாண்ட மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கோணும், அது முடியுற ஓமந்தை தாண்டத் திரும்பவும் முன்னுக்குத் தள்ளோணும். முகமாலையிலை அரை மணித்தியாலத்தை வட்டிக்கு வாங்கி ஓமந்தையிலை திருப்பிக் கட்டினம். ஒரே றோட்டு, ஒரே தார், ஒரே பஸ் வெக்கை.

அப்பதான் நானும் என்ரை முறுக்கு மணிக்கூட்டைக் கொண்டு கொழும்புக்குப் போனனான். கிளிநொச்சியிலை சொந்தக்காரர் வீட்டிலை ஒரு இரவு தங்கல், விடிய நாலு மணிக்கு அலாம் வைச்சனான். அது அடிக்க முதலே கொப்பாச்சி எழும்பித் தேத்தண்ணி போட்டிட்டாள். அவள் பக்கத்திலை இருக்கிறபோது அலாம் வைச்சதே என்ரை பிழை. மூண்டே முக்காலுக்கு எழும்பி, மணிப் பொத்தானை அமத்தி வைச்சனான். பஸ் வரப் பிந்திப்போச்சு. வெளிக்கிடுற அந்தரத்திலை மணிக்கூட்டைத் துணிப்பையுக்கை, பனங்கட்டிக் குட்டானுக்கும் ஒடியல் பொதிக்கும் நடுவிலை திணிச்சன். திணிக்கேக்கை அந்தப் பொத்தான் மேலை வந்திட்டுது.

பின்னேரம், வன்னி தாண்டி ஒரு சோதனைச்சாவடி. வரிசையிலை நிக்கிறம். பையை மேசையிலை வைக்கிறன், 'டிக் டிக் டிக்'. ஆமிப் பெடியன்ரை முகம் வெளிறிப்போச்சு. பின்னாலை நிண்டவையும் ஒரு அடி தள்ளி நிக்கினம். சைகையாலை திறக்கச் சொல்லுறான். நான் பனங்கட்டியை எடுக்கிறன், ஒடியலை எடுக்கிறன், கை நடுங்குது, நேரம் பாத்து அந்த நாசமறுந்தது 'கிணுகிணு'வெண்டு அடிக்கத் தொடங்கிச்சுது! முள்ளிருக்கிற மணிக்கூட்டுக்கு விடிய நாலும் ஒண்டு, பின்னேரம் நாலும் ஒண்டு. அரை நாளுக்கொருக்கால் அந்த இடத்துக்கு முள்ளு வரும், அடிக்கும். எனக்கு அண்டைக்குத்தான் அது விளங்கினது. விளங்க வேண்டிய இடமே அது?

அடிச்சு ஓயுமட்டும் ஒருத்தரும் அசையேல்லை. பேந்து அந்தப் பெடியன் மணிக்கூட்டை மெல்லத் தூக்கி முகத்தைப் பாத்தான், தன்ரை கையைப் பாத்தான், சிரிச்சான். "ஐயா, ஒரலோசு பிழை. நாலரை." வன்னியிலை பின்னுக்கு வைச்சதை நான் இன்னும் முன்னுக்குத் தள்ளேல்லை. உயிர் போற நேரத்திலும் என்ரை நேரத்தைத் திருத்தினவன் அவன் ஒருத்தன்தான்.

அதாலை சொல்லுறன், டிக் டிக் எண்டு கத்துற மணிக்கூடு வேண்டாம். மூடி போட்டு மடிக்கிறது நல்லம், பையுக்கை பொத்தான் அமத்துப்படாது, கண்ணாடியும் உடையாது. விமானத்துக்குப் பெரிய பெட்டியிலை போட்டு அனுப்பேக்கை பற்றறியைக் கழட்டிப்போட்டு அனுப்பு. இலக்கம் காட்டுற சாதியிலை இருபத்துநாலு மணித்தியாலக் கணக்கு இருந்தால் பின்னேர நாலுக்கு உன்னை வெருட்டாது. இருட்டிலை அமத்தினால் வெளிச்சம் காட்டோணும், இல்லாட்டி லொட்ஜிலை மணிக்கூட்டைத் தடவப்போய் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன்ரை மூக்கைத் தடவுவாய்.

இன்னொரு பொத்தான் இருக்கும், மேலை பெரிசா. அமத்தினால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து திரும்ப அடிக்கும். 1956இலைதான் அமெரிக்காவிலை அந்தப் பொத்தான் வைச்ச மணிக்கூட்டை விக்கத் தொடங்கினவை. யாழ்தேவி ஓட வெளிக்கிட்டதும் அதே 1956, ஏப்ரலிலை. ஒரு பக்கம் யாழ்ப்பாணத்தானைக் கொழும்புக்குக் கொண்டுபோக ரயில், மற்றப் பக்கம் அவன் அதைத் தவறவிடப் பொத்தான். அந்த வருஷம் கொழும்பிலை சிங்களம் மட்டும் எண்டு ஒரு சட்டமும் வந்தது. அதுக்கு எங்கடை ஆக்கள் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானைத்தான் அமத்தினவை எண்டு நான் சொன்னால் கொப்பருக்குக் கோவம் வரும், விடுவம்.

மணிக்கூட்டைத் தலைமாட்டிலை வையாதை. எழும்பி நாலு அடி நடந்தால்தான் எட்டுற இடத்திலை வை. யாழ்தேவி 1990இலை நிண்டது, 2014 ஒக்டோபரிலைதான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இருபத்துநாலு வருஷம் பிந்தினது எண்டு அதை ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனால் நீ கொண்டாவில் ஸ்ரேஷனுக்கு ரண்டு நிமிசம் பிந்திப் போய்ப் பார், அது உனக்காக நிக்குதோ எண்டு.

எந்தக் கடை எண்டு கேக்கிறியே? சந்திக் கடையே காணும். ஆனால் காலமை போகாதை, மத்தியானம் ரண்டு மணிக்குப் போ. சோறு தின்ற களைப்பிலை முதலாளி கல்லாவிலை தலை சாய்ச்சிருப்பார். ஒண்டும் பறையாதை. இருக்கிற மணிக்கூட்டிலை நாலைஞ்சை எடுத்து, ஒவ்வொண்டா அவற்றை காதடியிலை வைச்சு அடிக்க விடு. எதுக்குத் திடுக்கிட்டு எழும்புறாரோ அதை வாங்கு. ரண்டுக்கு எழும்பினால் மலிவானதை வாங்கு. ஏசினால் பேசாமல் நில், அப்பு சொன்னவர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. போன கிழமை குடை வாங்கப் போன இடத்திலை அவருக்கும் எனக்கும் ஒரு கதை நடந்துபோச்சு.