ஒரிஜினல் சார்

மயிலாப்பூரில் ஒரு காரை நிறுத்த இடமில்லாமல் ஆளாளுக்குத் தவிக்கிறார்கள். ஒரிஜினல் சார் மட்டும் ஒரே காரை ஐந்து இடங்களில் நிறுத்தியிருக்கிறார். சேஸிஸ் போர்ட்டிகோவில், எஞ்சின் ஹாலில், கியர்பாக்ஸ் மாடிப்படிக்குக் கீழே, ரேடியேட்டர் விருந்தாளி அறையில், ஸ்டீயரிங் எப்போதும் அவர் கையில்.

வண்டி 1926-ஆம் வருடத்து ஆஸ்டின் செவன். எஞ்சின் 747 சிசி. இதைவிடப் பெரிய எஞ்சினோடு இன்றைக்கு மோட்டார் சைக்கிளே வருகிறது. இதை அவரிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு அந்த வீட்டில் காபி கிடையாது.

புதுப்பேட்டைக் கடைக்காரர்கள் சாரைத் தூரத்தில் பார்த்ததுமே வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், “இந்தா சார், புது போல்ட்டு, அதே சைஸு” என்று நீட்டிவிட்டான்.

“தம்பி, இது மில்லிமீட்டர் மரை. ஆஸ்டினுக்கு பிரிட்டிஷ் மரை. அங்குலத்துக்கு எத்தனை மரைன்னு தெரியுமா?”

கடையின் ஷட்டர் இறங்கியபோது சார் விட்வொர்த் ஸ்பேனர் வரைக்கும்தான் வந்திருந்தார்.

புதிதாகச் செய்த பாகம் என்றாலே அவருக்குத் தீட்டு. “ரேடியேட்டருக்கு குரோமியம் பூசிடலாமா?” என்று கேட்ட பிளேட்டிங்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. நிக்கல்தான் பூச வேண்டுமாம். சீட்டுக்குள் ஃபோம் கூடாது, குதிரை முடிதான். மெரினாவில் சவாரி விடுகிறவர்கள் இவர் தலை தெரிந்தால் குதிரையின் வாலைக் கடல் பக்கம் திருப்பிவிடுவதாகக் கேள்வி.

அந்த மாடலில் கால் பிரேக் பின்சக்கரத்துக்கு, கை பிரேக் முன்சக்கரத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும் வண்டி யோசித்துத்தான் நிற்கும். “ஹைட்ராலிக் பிரேக் போட்டுக்கலாம் சார்” என்று மெக்கானிக் கெஞ்சினார்.

“ஹெர்பர்ட் ஆஸ்டினைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?”

உயிரும் ஒரிஜினல்தானே என்று மெக்கானிக் கேட்கவில்லை. கூலி பாக்கியிருந்தது.

பெட்ரோல்தான் தீராத துக்கம். இப்போது வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயை அது அரித்துவிடும். பங்க்கில் பெட்ரோல் போடும்போதெல்லாம் பெண்ணைப் பிடிக்காத இடத்தில் கொடுத்த தகப்பன் முகம் அவருக்கு. இடையில் முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: “டாக்டர், பழசைத் தூக்கிப் போட்டுடலையே?”

ஒருவழியாக எல்லாவற்றையும் பூட்டி, வண்டி பழைய கார்களின் கண்காட்சிக்குப் போனது, லாரியில். நடுவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்தார், தடவினார், பெருமூச்சு விட்டார்.

“பெயின்ட் ரொம்பப் பளபளப்பா இருக்கே சார். ஃபேக்டரியிலகூட இவ்வளவு நன்னா அடிச்சிருக்க மாட்டா” என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்.

இடிந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று மாமி தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். சாரின் முகத்திலோ, வண்டியைப் பூட்டி முடித்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த களை திரும்பியிருந்தது.

“பார்த்தியா, மனுஷன் எப்படிக் கண்டுபிடிச்சார்! நாளைக்கே பிரிச்சுடலாம்!”