மருமோன் குடுத்த வாக்கு

எட மருமோனே, முகத்தை உப்பிடித் தொங்கப் போட்டுக்கொண்டு லண்டன் ஈஸ்ற்ஹாம் ஹை ஸ்றீற்றிலை திரியாதை. செத்தவீட்டுக்குப் போட்டு வாறாய் எண்டு சனம் நினைக்குது. கரண்டுக்கும் காஸுக்குமாய் 1,900 பவுண் கடன். அது உன்ரை தலையிலை மட்டும் விழுந்த இடியே? 2021 ஒக்ரோபரிலை ஒரு சாதாரண வீட்டுக்கு வருசத்துக்கு 1,277 பவுண் எண்டு கிடந்த விலை உச்சவரம்பு, அடுத்த ஒக்ரோபரிலை 3,549க்கு ஏறினது. அரசாங்கம் ஓடி வந்து 2,500இலை பிடிச்சு நிப்பாட்டினது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சனம் கட்டாமல் வைச்சிருக்கிற கரண்ட், காஸ் காசு 2025இலை 400 கோடி பவுணைத் தாண்டிப் போச்சு. அந்தக் கூட்டத்துக்கை உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கிறதே கஸ்ரம்.

நீ செய்த வேலையைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. கரண்ட் கொம்பனிப் பெட்டை போனிலை மாசம் 160 கேட்டாள். உன்னட்டை இருக்கிறது 25. ஒருக்கா 25 எண்டு முனகிப் பாத்தனி. அவள் ஏலாது எண்டாள். உடனை நீ, “ஓம் மடம், 160 கட்டுறன், தாங்க்யூ மடம்.” அட, பாரி வள்ளலுக்குப் பிறகு நீதான்! மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு மண்டபக்காரன் கேட்ட காசுக்கும் உப்பிடித்தான் தலையாட்டினனி. சரி, அது முடிஞ்ச கதை.

இல்லாத 160ஐக் கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு இரண்டாம் மாசம் முறிச்சால், “சொன்ன சொல்லு தவறினவர்” எண்டு உன்ரை கணக்கிலை எழுதுவாங்கள். 25 எண்டு சொல்லி 25ஐயே கட்டிக்கொண்டு வாறவனைப் பற்றி அப்பிடி எழுத ஏலுமே? நீ மரியாதைக்காரன் எண்டு காட்ட வெளிக்கிட்டுத்தான் வாக்குத் தவறினவன் ஆகிறாய்.

இந்த நாட்டிலை கரண்ட் விக்கிறவன், கரண்ட், காஸ் கொம்பனியளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் குடுத்த லைசென்ஸிலைதான் விக்கிறான். கடன் வைச்சிருக்கிறவனாலை எவ்வளவு கட்ட ஏலும் எண்டு பாத்துத்தான் தவணை போடவேணும் எண்டு அந்த லைசென்ஸிலையே கிடக்கு. போனிலை கதைச்ச பெட்டைக்கு அது தெரியாமல் இருக்கலாம், பாவம். அவளின்ரை கொம்பியூட்டர் 160 எண்டு காட்டியிருக்கும், அவள் வாசிச்சிருப்பாள். கொம்பியூட்டரோடை சண்டை பிடியாதை. எழுத்திலை கேள்.

முதலிலை பில்லை வடிவாய்ப் பார். குத்துமதிப்பாய்ப் போட்ட கணக்கோ, மீற்றரை வாசிச்சுப் போட்ட கணக்கோ? மீற்றர் எங்கையெண்டு தேடாதை, படிக்குக் கீழை நீ அடுக்கி வைச்ச அரிசி மூட்டைக்குப் பின்னாலை கிடக்கு. கொம்பனி தன்ரை பிழையாலை பில் அனுப்பாமல் விட்டிருந்தால், 12 மாசத்துக்கு முந்தி எரிச்சதுக்கு இப்ப வந்து காசு கேக்க ஏலாது. 2018 மேயிலை இருந்து அப்பிடி விதி.

பிறகு வரவு செலவு. போனமுறை நீ எழுதின கணக்கை உன்ரை மனிசி கொண்டுவந்து காட்டினவள். நாலு சீவன் இருக்கிற வீட்டிலை சாப்பாட்டுக்கு மாசம் 90 பவுணாம். உடுப்புக்குப் பூச்சியமாம். உதை வாசிச்சவன், இந்தாளிட்டை மிச்சக் காசு கொட்டிக் கிடக்கு எண்டு 160 கேட்டால் ஆரிலை பிழை? கடனுக்கு ஆலோசனை சொல்லுற சிற்றிசன்ஸ் அட்வைஸிலை, ஸ்ரெப்சேஞ்சிலை சல்லிக்காசு வாங்காமல் இருந்து எழுதித் தருவினம். சீட்டுக் கட்டுறதையும் அந்தப் பிள்ளையளிட்டைச் சொல்லு. உன்ரை மாமியாரிட்டைப் போய் மூட்ட மாட்டினம். இன்னும் அவகாசம் வேணுமெண்டால் அவையளே 60 நாள் ‘பிறீதிங் ஸ்பேஸ்’ எடுத்துத் தருவினம், அந்த நாளுக்குள்ளை பழைய கடனுக்கு ஒருத்தரும் நெருக்க ஏலாது. சீட்டைக் கழிவிலை எடுத்துக் கட்டுவம், கிரெடிற் காட்டிலை இழுப்பம் எண்டு மட்டும் வெளிக்கிடாதை.

அவங்கள் ஒத்துக்கொள்ளாட்டியும் அந்த 25ஐக் கட்டத் தொடங்கு. இப்ப எரிக்கிறதுக்கு உள்ள காசு வேறை, அதையும் விடாதை. ஊரிலை எனக்குப் புகையிலைக்கு உரம் கடனுக்குத் தந்த முதலாளி முழுக்காசையும் ஒரேயடியாய் வை எண்டு நிண்டவர். நான் வெள்ளிக்கு வெள்ளி, கடையிலை நாலு சனம் நிக்கிற நேரமாய்ப் பாத்துப் போய், பத்து ரூபாயை மேசையிலை வைச்சுத் துண்டு வாங்கிக்கொண்டு வருவன். மனிசனுக்குப் பல்லு நெருமும். ஆனால் காசைத் தள்ளிவிடவும் இல்லை, ஏச வாயும் வரேல்லை.

கடிதத்திலை இது முறைப்பாடு எண்டு பச்சையாய் எழுது. எழுதாட்டில் விசாரிக்கிறான் எண்டு தூக்கி ஒரு மூலையிலை போடுவாங்கள். எட்டுக் கிழமைக்குள்ளை முடிவு வராட்டி, இல்லாட்டி எங்களாலை இதுக்கு மேலை ஏலாது எண்டு அவங்களே கடிதம் தந்தால், உப்பிடியான வழக்கைத் தீர்க்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிட்டைப் போகலாம். உனக்கு அதிலை ஒரு சதம் செலவில்லை. அங்கை வாற முடிவை நீ ஏற்றால் கொம்பனி அதுக்குக் கட்டுப்படவேணும். உனக்குப் பிடிக்காட்டி நீ மாட்டன் எண்டு சொல்லலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு சலுகை இல்லை.

முன்காசு போட்டால்தான் கரண்ட் வாற கீ மீற்றர் பூட்டுவம் எண்டு வெருட்டினாங்களோ? 2023 பெப்ரவரியிலை, பிரிட்டிஷ் காஸ் கொம்பனிக்காக வேலை செய்த வசூல்காரர் ஏலாத சனத்தின்ரை வீடுகளுக்குள்ளை உடைச்சுப் போய் அந்த மீற்றரைப் பூட்டின கதையை ‘த டைம்ஸ்’ வெளியிலை கொண்டுவந்தது. பிறகு ஒஃப்ஜெம் கடிவாளம் போட்டது. பூட்ட முந்தி குறைஞ்சது பத்துத் தரம் உன்னோடை தொடர்புகொள்ளப் பாக்கவேணும். வீட்டிலை இரண்டு வயதுக்குக் கீழை பிள்ளை இருந்தால் கட்டாயப்படுத்திப் பூட்டக்கூடாது. ஸ்மாட் மீற்றரை ஒபிசிலை இருந்துகொண்டே முன்காசு முறைக்கு மாத்திவிடுறதுக்கும் இதே விதிதான். உன்ரை கடைக்குட்டிக்கு ஒண்டரை வயது. இண்டைக்கு உன்ரை வீட்டிலை பெரிய சட்டத்தரணி அவன்தான். அவன் இருக்கிறான் எண்டு கொம்பனிக்கு எழுத்திலை சொல்லு.

வாசலுக்கு வாற கடன் வசூல்காரன் கோட்டு வாறண்ட் இல்லாமல் உன்ரை சம்மதத்தை மீறி உள்ளை வர ஏலாது. நீதான் பழக்க தோசத்திலை கதிரை போட்டுத் தேத்தண்ணி ஊத்துவாய். ஊத்தாதை.

கடிதத்தை மகளிட்டைக் குடுத்து எழுதுவி. அவளுக்கு இங்கிலீசிலை கோவிக்கத் தெரியும். நீ எழுதினால் மூண்டாம் வரியிலையே “சொறி” எண்டு முடிப்பாய். திகதி போடச் சொல்லு, ஒரு கொப்பி எடுத்து வை.