இந்த இடத்தைக் கவனிங்க

‘இந்த இடத்தைக் கவனிங்க’ என்று சொல்லிவிட்டு, சரியாக அந்த இடத்திலேயே பாட்டை நிறுத்திவிடுகிற ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிக்கு ஒருவர் வீதம் இருக்கிறார்கள்; அங்கே தப்பித்தவர்களுக்குச் சம்பந்தி வீட்டில் இருப்பார். நான் சொல்லப்போகிறவர் வங்கியில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், சார் என்றே இருக்கட்டும். கூடத்தில் ஆளுக்கு இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். வலது கையில் எப்போதும் ரிமோட். காபி வந்தால் இடது கையால்தான் வாங்கிக்கொள்வார். ரிமோட்டில் மற்ற பட்டன்களின் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. நிறுத்துகிற பட்டன் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்து, அதில் ஒருகாலத்தில் என்ன போட்டிருந்தது என்பதே தெரியாது.

எல்லா இசையும் கேட்பார் என்றாலும், நடிகர்கள் தனியாகப் போட்ட ஆல்பங்கள் என்றால் சாருக்குத் தனி உற்சாகம். பாடகர் பாடினால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நன்றாகப் பாடினார், இல்லை சுமாராகப் பாடினார். நடிகர் பாடினால் ராத்திரிச் சாப்பாடு வரை பேசலாம். ‘ஒரு நடிகருக்கு இது அதிகம்’, ‘நடிகர்ங்கிறதாலதான் கம்பெனிக்காரன் போட்டான்’, ‘பாடலை சார், பாடுற மாதிரி நடிக்கிறார்’ என்று மூன்று கருத்துகள் தைத்துத் தயாராக வைத்திருக்கிறார். ‘ஸ்டார் டிரெக்’ கேப்டனாக வந்த வில்லியம் ஷாட்னர் 1968இல் பாட்டுகளையெல்லாம் வசனமாகவே பேசித் தீர்த்த ‘தி டிரான்ஸ்ஃபார்ம்ட் மேன்’, 1996இல் பாலி சாகுவோடு சேர்ந்து அமிதாப் பச்சன் போட்ட ‘ஏபி பேபி’, 2008இல் டாம் வெயிட்ஸின் பாட்டுகளை எடுத்துப் பாடிய ஸ்கார்லெட் ஜொஹான்சன் என்று யார் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவார். பெரும்பாலும் பொருந்திவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவருடைய ஆஸ்தான ஆல்பம் ஹியூ லாரியின் ‘லெட் தெம் டாக்’. ‘ஹவுஸ்’ தொடரில் கைத்தடி ஊன்றி விந்தி விந்தி வந்து, நோயாளியைத் திட்டிக்கொண்டே காப்பாற்றுவாரே, அந்த டாக்டர்தான். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2011இல் இதை வெளியிட்டார். ஆள் சுத்த ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து, ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, பல்கலைக்கழகப் படகுப் போட்டியில் துடுப்பு வலித்து, ஸ்டீஃபன் ஃப்ரையோடு ஜோடி போட்டு ஊரைச் சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகளைப் பாடினால் கருத்துச் சொல்கிறவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடுதான்.

முதல் பாட்டு ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி’. ஆஸ்பத்திரியில் காதலி உயிரற்றுக் கிடப்பதைப் பார்க்கப் போனவனின் பாட்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பாடிப் பதிவு செய்தது. லாரி இதை எடுத்த எடுப்பில் பாடுவதில்லை. முதலில் பியானோ மட்டும். தனியாக, சாவகாசமாக, ராகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போகிறார். ஆள் பாடப்போவதில்லையோ என்று நமக்குத் தோன்றிய பிறகுதான் தாளம் சேரும், குரல் வரும்.

எனக்கு எமனாக வந்தது இந்த அமைப்புதான்.

பியானோ ஆரம்பிக்கும். நாலு ஸ்வரம் விழுந்திருக்காது. “இந்த இடத்தைக் கவனிங்க.” நிறுத்தம். “இடது கை என்ன பண்ணுது பாத்தீங்களா?” நான் எங்கே பார்ப்பது, கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் இல்லை. இடது கையின் சேவை பற்றி ஒரு விரிவுரை நடக்கும். லாரி சின்ன வயதில் பியானோ கற்றது, ‘ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்’ தொடரிலேயே பியானோ முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டியது, ‘ஹவுஸ்’ டாக்டரும் வீட்டில் பியானோ வைத்திருந்தது எல்லாம் வரும். கடைசியில் ரிமோட்டை நீட்டிக்கொண்டே, “தொடர்ச்சி விட்டுப்போச்சு, முதல்லேர்ந்தே போட்டுடறேன்” என்பார்.

முதலிலிருந்து. திரும்பவும் அந்த நாலு ஸ்வரம். இந்தத் தடவை அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று நான் மூச்சை விடுவதற்குள், “இப்போ ஒரு இடம் வரும் பாருங்க” என்பார். வரும். வந்ததும் நிறுத்தம். “வந்துச்சா?” வந்திருக்கலாம். அது வருவதற்கும் அவர் விரல் வருவதற்கும் நடுவே இடைவெளி இருந்தால்தானே சொல்ல முடியும். “ஆம்ஸ்ட்ராங் இதை எப்படி எடுத்தார்னு சொல்றேன், அப்பத்தான் வித்தியாசம் புரியும்.” ஆம்ஸ்ட்ராங் எடுத்ததைத் தானே வாயால் ஊதிக் காட்டுவார். ட்ரம்பெட்டுக்கு உதட்டைக் குவித்த நேரம் பார்த்து உள்ளே குக்கர் விசில் அடிக்கும். அதற்கும் ஒரு நிறுத்தம், ஓடாத பாட்டுக்கு. பிறகு கூரியர்காரர் வருவார், அமெரிக்காவிலிருந்து மகள் கூப்பிடுவார். எல்லாம் முடிந்து, “எதுல விட்டோம்? சரி, முதல்லேர்ந்து.”

இந்தக் கூடத்தில் லாரி இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. பியானோவின் தலைப்பகுதி மட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் உபசாரத்துக்குக் குறைவில்லாமல் கேட்பார்: “குரல் எப்படி?”

“நல்லா இருக்கு சார்.”

“நல்லா இருக்குன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லக் கூடாது. மூக்கால பாடறார்னு சில பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க?”

நானும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை கூடும். மூன்றாவது மாடி வக்கீலுக்குத் தொடர் மட்டும்தான் தெரியும். “அந்த டாக்டருக்குக் கால் சரியாயிடுச்சா?” என்று கேட்டுவிட்டு மிக்சரில் முந்திரி தேடுவார். ஐடி பையன் ஒருவன், “சார், ஆட்டோ-ட்யூன் போட்ருப்பாங்க” என்பான். எந்த ஆல்பத்துக்கும் அவன் கருத்து அதுதான். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் கண்ணை மூடியபடி ஒரு விஷயம் சொன்னார். “நடிகன் பாடறான்னு இப்ப எதுக்குய்யா இவ்வளவு ஆச்சரியம்? பாட வரலைன்னா அந்தக் காலத்துல நடிக்கவே கூப்பிட மாட்டான். பாகவதர் பாடினார், சின்னப்பா பாடினார். 1944ல வந்த ‘ஹரிதாஸ்’ மூணு தீபாவளி பாத்துச்சு.” அந்தக் கூடத்தில் நான் கேட்ட கருத்துகளில் உருப்படியானது அது ஒன்றுதான். பின்னணிப் பாட்டு வந்து வாயசைத்தால் போதும் என்று ஆனபிறகு, நடிகருக்குச் சொந்தமாக ஒரு குரல் இருப்பதே செய்தியாகிவிட்டது. 1992இல் ‘மன்னன்’ படத்தில் ரஜினி ஒரு பாட்டுப் பாடியதை இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவரை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருந்தால் கே.பி. சுந்தராம்பாள் வரைக்கும் வந்திருப்பார். ஆனால் சார் பெரியவரையும் நிறுத்திவிட்டார். “இந்தப் பாயிண்டைக் கவனிங்க,” என்று எங்கள் பக்கம் திரும்பி, அவர் சொன்னதையே முதலிலிருந்து தன் குரலில் சொன்னார்.

இன்னொரு ஞாயிறு, விடுமுறைக்கு வந்திருந்த சாரின் மருமகன் நியாயமாக ஒன்று கேட்டார். வசதியாக வளர்ந்த வெள்ளைக்காரர், அடிமைத்தனத்திலும் வறுமையிலும் பிறந்த பாட்டுகளை எடுத்துப் பாடுவது சரியா? ஆல்பம் வந்தபோதே எழுந்த கேள்விதான். லாரியே அதை எதிர்பார்த்து, தான் 1890களில் அலபாமாவில் பிறந்தவன் இல்லை என்று சிடியோடு வந்த சிறு புத்தகத்தில் எழுதிவிட்டார். சார் உடனே பாட்டை நிறுத்தி, கண்ணாடியைத் தேடியெடுத்து, அந்தப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தார். தயாரிப்பாளர் ஜோ ஹென்றி, ஊதுகுழல்களுக்கு இசை அமைத்துக்கொடுத்த ஆலன் டூசான்ட், விருந்தாளிகளாக வந்து பாடிய டாக்டர் ஜான், இர்மா தாமஸ், டாம் ஜோன்ஸ் என்று அட்டை முதல் அட்டை வரை வாசித்தார். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்றை ஓடவிட்டால் மருமகனுக்கே பதில் கிடைத்திருக்கும், இல்லை கேள்வியாவது இன்னும் கூர்மையாகியிருக்கும். அவர் அன்று ராத்திரி விமானம் ஏறிவிட்டார்.

ஒருநாள் காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கச் சமையலறைப் பக்கம் போனபோது, சாரின் வீட்டம்மா தாழ்ந்த குரலில், “கோச்சுக்காதீங்க. பாட்டு முடிஞ்சுட்டா வந்தவங்க எழுந்து போயிடறாங்க. அதான் முடிய விட மாட்டேங்கறார்,” என்றார். கொஞ்சம் மனம் இளகியது. ஆபீசில் முப்பது பேர் எழுந்து நின்ற மனிதருக்கு இப்போது எழுந்து போகிறவர்கள்தான் மிச்சம்.

இளகினாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேனா? பாட்டு முடிந்தபிறகு ஒரு மணி நேரம் பேசலாமே. கச்சேரிக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் ராகம் கண்டுபிடித்து ஊருக்கே அறிவிக்கிறார். சினிமாவுக்குப் போனால் பின்வரிசை அடுத்த காட்சியைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் கேட்கலாம் என்றால் இவர். ஒருவன் என்ன உணர்கிறான் என்று அவனுக்கே தெரியச் சில நிமிஷம் ஆகும் ஐயா. அதற்குள் கருத்தைக் கையில் திணித்தால் அவன் அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவான். மூக்கால் பாடுகிறாரா இல்லையா என்று எனக்காக இன்னொருவர் முடிவு செய்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஒருநாள் தாம்பரம் போகிற மின்சார ரயிலில், காதில் மாட்டிக்கொண்டு ஆல்பத்தை அடி முதல் நுனி வரை கேட்டேன். பதினைந்து பாட்டுகள். பியானோ முடிந்து குரல் வந்தபோது, வெகுநாள் போனில் பேசியவரை நேரில் பார்த்தமாதிரி இருந்தது. குரல் மெலிசுதான். அமெரிக்க உச்சரிப்பை அதிகமாக இழுக்கிற இடங்களில் நடிப்பு எட்டிப் பார்க்கிறது. ஆனால் விரல்களில் நடிப்பு இல்லை. ‘ஜான் ஹென்றி’யில் இர்மா தாமஸ் வந்ததும், பெரிய வீட்டுக்காரர் மரியாதையாக நாற்காலியை விட்டுக்கொடுப்பதுபோல் ஒதுங்கி நின்று வாசிக்கிறார். தன் பெயரில் வந்த ஆல்பத்தில் தன்னைவிடப் பெரியவர்களை முன்னால் விடுகிற நடிகரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாடிப்படியில் சாரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். நின்று கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை; ஆச்சரியம்தான்.

“முழுசாக் கேட்டீங்களா?”

“ஆமாம் சார். பதினைந்தும்.”

“நடுவுல எங்கயும் நிறுத்தாமயா?”

“நிறுத்தாம.”

எனக்காக வருத்தப்பட்டார். முகத்திலேயே தெரிந்தது. “அப்படிக் கடகடன்னு ஓட்டினா எப்படிங்க புரியும்? சரி, போனது போகட்டும். 2013ல இன்னொண்ணு போட்டார், ‘டிட்ன்ட் இட் ரெய்ன்’னு. ஞாயித்துக்கிழமை வாங்க, முதல் பாட்டு மட்டும் போட்டுப் பாக்கலாம். சாப்பிட்டுட்டு வந்துடுங்க, நேரமாகும்.”